திடலில் கிடந்த இரண்டு வெள்ளைத் துணிகள்

கிராணி நடேசன் பொய் எழுதியிருக்கிறார்.

விமானத் திடலைப் பற்றி ஒரு நினைவு மலர் வந்திருக்கிறது. வழவழப்பான தாள், பழைய படங்கள், நிறைய வாழ்த்துரை. லோரி ஓட்டும் என் மகன் அங்கே சாமான் இறக்கப் போனபோது அவன் கையிலும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நடேசன் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். திடல் தொடங்கிய காலத்தில் அங்கே அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் அவர். இப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள்.

அவர் எழுதியதில் ஒரு வரி இது: ‘பயிற்சிக் காலத்தில் நடந்த பெரிய விபத்துக்குக் காரணம், சிக்னல் துணி விரிக்கும் கூலி ஒருவன் குடிபோதையில் துணியைத் தப்பான திசையில் விரித்ததுதான்.’

அந்தக் கூலிக்குப் பெயர் உண்டு. பெருமாள். என் புருஷன்.

போன வார இதழில், கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதுப்பெண்ணாக ரயிலேறி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் வேறு எதையோ எழுதத்தான் உட்கார்ந்தேன். மகன் அந்த மலரை மேசைமேல் விரித்து வைத்து, “இது அப்பாவைப் பத்தியாம்மா?” என்று கேட்டான். எழுந்து போய்ச் சோறு வடித்தேன். அவனிடம் வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பனிக்குள் நடந்தவர்

விடிகிற நேரத்தில் அந்தத் திடல் கண்ணுக்குத் தெரியாது. பனிதான் தெரியும். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று பார்த்தால், கொதிக்கும் உலைப்பானைக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். அதற்குள் என் புருஷன் தோளில் துணிச் சுருளோடு நடந்து போவார். முதலில் கால் மறையும். பிறகு இடுப்பு. கடைசியில் அந்த வெள்ளைச் சுருள் மட்டும் தனியாக மிதந்து போகும்.

நடுத்திடலில் நின்று ஒரு கிள்ளு புல்லைப் பிடுங்கி, கையை உயர்த்தி விடுவார். புல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். விமானக் கொட்டகை ஓரம் கம்பத்தில் காற்றுப் பை ஒன்று தொங்கியது. அதையும் பார்ப்பார். ஆனால் அவர் நம்பியது புல்லைத்தான்.

பிறகு துணியை விரிப்பார். கனமான வெள்ளைக் கித்தான், இரண்டு நீளம். ஒன்று நெடுக்க. அதன் தலைமாட்டில் இன்னொன்று குறுக்க. மேலிருந்து பார்த்தால் ஓர் ஆள் கையை விரித்து மல்லாந்து படுத்திருப்பதுபோல் இருக்கும். விமானம் ஓட்டுகிறவன் அந்த ஆளின் கால்மாட்டிலிருந்து தலைமாட்டை நோக்கி இறங்க வேண்டும். காற்று முகத்தில் அடித்தால் விமானம் நிற்கும். முதுகில் தள்ளினால் நிற்காது. காற்று மாறினால் துணியையும் திருப்பிப் போட வேண்டும். அதுதான் அவர் வேலை. துணியே இல்லையென்றால் திடல் மூடிக் கிடக்கிறது, யாரும் இறங்கக் கூடாது என்று அர்த்தம்.

நான் புல்வெட்டும் கும்பலில் இருந்தேன். வேலைக்குப் போகும் வழியில் அவருக்குக் கோப்பி கொண்டுபோவேன்.

“இன்னிக்குக் காத்து எங்கேருந்து வருது?” என்று கேட்பேன்.

“உன் வீட்டுப் பக்கத்துலேருந்துதான் புள்ள. கருவாடு சுட்டியா?”

அந்தப் பனியும் அந்தக் கோப்பி ஆவியும் எனக்கு இப்போது ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எதன் ஆவி என்று பிரிக்கத் தெரியவில்லை.

மண்ணை நிரவியவர்கள்

மலரில் திடல் உருவான கதையும் இருக்கிறது. யார் திட்டம் போட்டது, யார் கொடியேற்றியது, எல்லாம் இருக்கிறது. யார் மண் சுமந்தது என்று இல்லை. நான் எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து தெற்கே காஜாங் போகிற ரயில் பாதையை ஒட்டிய இடம். முன்பு ஈயம் தோண்டியிருந்தார்கள். தோண்டி முடித்த பிறகு வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீர்க் குட்டைகளும்தான் மிச்சம். ஒரு பக்கம் பால் வற்றிப்போன ரப்பர் மரங்கள். மிச்ச இடமெல்லாம் இடுப்பளவு லாலாங் புல்.

ஆண்கள் மரத்தை வேரோடு பறித்தார்கள். பெண்கள் கூடையில் மண் சுமந்து பள்ளத்தை நிரப்பினோம். மாடு கட்டி உருளை இழுத்தார்கள். லாலாங்கை வெட்டினால் போகாது, வேரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதன் வேர் ஊசி மாதிரி. எங்கள் எல்லோருடைய உள்ளங்கையிலும் அந்த ஊசிக் குத்து இருந்தது.

பிறகு நல்ல புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கையால் நட்டோம். நாற்று நடுகிற மாதிரியேதான். வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுவோம். யாராவது ஒருத்தி பாட ஆரம்பிப்பாள். தண்ணீர் இல்லாத வயலில் நாற்று நடுகிற மாதிரி ஒரு கனவு அது. நட்டது முளைத்தது. அறுவடை மட்டும் ஆகாயத்திலிருந்து வந்து இறங்கியது.

முதல் விமானம் வந்த அன்று நாங்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றோம். அது எங்கள் புல்லில் குதித்துக் குதித்து ஓடி நின்றது. “இவ்வளவு சின்னதா?” என்றாள் ராக்கம்மா. ராக்கம்மா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, வயதில் மூத்தவள், புல்வெட்டும் கும்பலுக்குத் தலைவி மாதிரி. “இதுக்கா இம்புட்டு எடம்? மாட்டுக் கொட்டகையில கட்டலாம் போலிருக்கு.”

மாவு விழுந்த நாட்கள்

ஆரம்பத்தில் பறக்கப் படித்தவர்கள் வாரக்கடைசி மாணவர்கள். தோட்டத் துரை, பாங்குத் துரை, சுரங்கத் துரை. திங்கட்கிழமையிலிருந்து மற்றவர்களை ஏசுகிறவர்கள் சனிக்கிழமை இங்கே வந்து ஏச்சு வாங்குவார்கள். அதைப் பார்க்க எங்களுக்கு நன்றாக இருக்கும். பிறகு காக்கி உடுப்பு வந்தது. யுத்தம் வந்தால் இவர்களே நாட்டைக் காப்பார்கள் என்று சொன்னார்கள். வார நாளிலும் பயிற்சி நடந்தது.

குண்டு போடும் பயிற்சிக்கு மாவு மூட்டை. சின்னத் துணிப் பையில் கோதுமை மாவைக் கட்டி, புல்லில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் விழும்படி மேலிருந்து வீசுவார்கள். பை விழுந்து வெடிக்கும். சத்தம் பெரிதாக இருக்காது. யாரோ தலையணையைத் தட்டிய மாதிரிதான். வெள்ளைப் புகை எழும்பி, வெயிலில் மெதுவாகப் பிரிந்து, எங்கள் தலைமேலும் இமைமேலும் படியும். பாதி மூட்டை உடையாமலே விழும். அதை நாங்கள் விடுவோமா?

என் மாமியார் காத்தாயி ஒரு சல்லடையோடு வந்துவிடுவாள். மண் கலந்த மாவைச் சலித்து ரொட்டி சுடுவாள். கடித்தால் மணல் நறநறவென்று இருக்கும்.

“யுத்தம்னா இதுதானாடி?” என்பாள். “தெனம் வரட்டும்.”

பிறகு மாவு இல்லாத யுத்தமும் வந்தது. அதை இன்னொரு வாரம்தான் எழுத முடியும்.

மெத்தைக்காரி

காத்தாயியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாய் பெரிய பொம்பளை. என்னிடம் சண்டை போடாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

சிக்னல் துணி பழசானதும் புதுசு வந்தது. பழைய குறுக்குத் துணியை நொண்டித் துரை என் புருஷனிடம் கொடுத்துவிட்டார். நொண்டித் துரைதான் அங்கே பறக்கச் சொல்லிக்கொடுப்பவர். முதல் யுத்தத்தில் மேலிருந்து விழுந்து கால் கெட்டவர். முன்னே தோட்டத்தில் இருந்ததால் தமிழ் கொஞ்சம் பேசுவார். அந்தத் துணியைத் துவைத்துக் காத்தாயிக்குப் படுக்கை விரித்தேன். லயத்தில் வேறு யாருக்கும் அப்படித் தடித்த விரிப்பு கிடையாது. மெத்தைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“ஏரோப்பிளேனே எறங்குற துணி,” என்று அதில் காலை நீட்டிக்கொண்டு சொல்வாள். “நான் எறங்கினா என்ன கொறஞ்சுபோகும்?”

ஒருநாள் சாயங்காலம் அந்தத் துணியிலேயே செத்துப்போனாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள், சுடுதண்ணீர் கேட்டாள், நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் இடுகாடு திடலுக்கு அந்தப் பக்கம், தெற்கு ஓரத்தில், ஈயக்குட்டைக் கரையில் இருந்தது. திடலுக்கு முன்பே அது இருந்தது. சுற்றிப் போனால் முழங்கால் சேறு, பாடையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குறுக்கே போக வேண்டும். என் புருஷன் விடிந்ததும் நொண்டித் துரையிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

“பெருமாள், உன் அம்மா நல்ல அம்மா,” என்றார் துரை. “பத்து மணி, பன்னெண்டு மணி, பிளேன் இல்லை. பத்து மணிக்குத் துணி சுத்து. அப்புறம் போ.”

ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி மடித்து என்னிடம் கொடுத்தார். “கிராணி கையில குடு. போர்டுல எழுதணும், சொல்லு.” கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கிளம்புகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் விமானத்தில் ஏறுவார்கள். துரை காரில் ஏறி டவுனுக்குப் போய்விட்டார்.

நடேசன் கொட்டகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதுக் கோட்டு போட்டிருந்தார். டவுனிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். விமானத்தின் இறக்கையில் ஒரு கையை வைத்து நடேசன் தாடையை உயர்த்தினார்.

“ஐயா, தொரை குடுத்தாரு. போர்டுல எழுதணுமாம்.”

“வெச்சிட்டுப் போ லா. பார்க்கிறல்ல, போட்டோ எடுக்கிறாங்க.”

“இப்பவே எழுதணும்னு சொன்னாருய்யா.”

“நீ வந்து எனக்கு வேலை சொல்லிக் குடுக்கிறியா? போ, போய் உன் மாமியாக்காரியப் பாரு.”

காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக் கோட்டின் மேல்பையில் சொருகிக்கொண்டார். அந்தப் படம் மலரில் இருக்கிறது. மேல்பையில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கிறது. கைக்குட்டை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

நடைமாத்து

எங்கள் லயத்து வழக்கத்தைச் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

பாடைக்கு முன்னால் சலவைக்காரர் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார். தூக்குகிறவர்கள் அதன்மேல் நடப்பார்கள். கடந்த துணியை எடுத்து மறுபடி முன்னால் விரிப்பார். அதற்கு நடைமாத்து என்று பெயர். பாதி வழியில் பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்ப வேண்டும். செத்தவர் வீட்டுக்கு வழி மறக்கட்டும் என்பதற்காக. அந்த இடத்தில் நடைமாத்தின் முனையில் குறுக்கே இன்னொரு துணி போட்டு, அதன்மேல் பாடையை வைப்பார்கள். திருப்பித் தூக்கிய பிறகு வெறும் மண்ணில்தான் நடக்க வேண்டும். அந்த இரண்டு துணியும் அங்கேயே கிடக்கும். மண் போட்டுவிட்டு ஆண்கள் திரும்பி வரும்போதுதான் எடுப்பார்கள். பெண்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

சலவைக்காரர் கோவிந்தன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காலை ரயிலில் மூட்டையோடு வந்திருந்தார். கிளம்பும் நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, குறுக்குத் துணி கொறையுது. நேத்து செந்தூல்ல ஒரு சாவு, அங்க தங்கிப்போச்சு. வீட்டுல வெள்ளையா ஏதாச்சும் இருக்கா?”

நான் உள்ளே போய்க் காத்தாயியின் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்தேன்.

“இதப் போடுங்கண்ணே. அது படுத்த துணிதான்.”

கோவிந்தன் கையில் வாங்கி எடை பார்த்தார். “கனமா இருக்கே.”

“மெத்தைக்காரியில்ல,” என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

பத்து மணிக்கு என் புருஷன் தன் சிக்னல் துணியைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தார். தலை மழித்திருந்தது. முதல்நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அவர் குடிக்காதவர் என்று நான் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்குப் போவார். அன்று குடிக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் சொல்கிறேன்.

திடலில் இறங்கி நடந்தோம். சங்கு ஊதியது, நின்றது, ஊதியது. இரண்டு வருஷமாக நான் வெட்டிய புல், என் காலுக்கடியில் ஈரமாக இருந்தது. எவ்வளவு நடந்தாலும் எதிரே இருந்த மரங்கள் கிட்ட வரவில்லை. ஆகாயம் மிகவும் தாழ்வாக இருந்தது. நாங்கள் ஒரு பெரிய பச்சைத் தட்டில் எறும்பு வரிசையாகப் போகிறோம் என்று தோன்றியது. நடுவில் நின்றார்கள். குறுக்குத் துணி விரித்தார்கள். காத்தாயி தன் விரிப்பில் கடைசியாக ஒருதரம் படுத்தாள். திருப்பினார்கள், தூக்கினார்கள், போனார்கள்.

பெண்கள் நாங்கள் துணிப் பக்கத்தில் நின்றுவிட்டோம்.

இரண்டு சுற்று

விமானச் சத்தம் கேட்டபோது ஆண்கள் குழி ஓரத்தில் இருந்தார்கள்.

காஜாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறக்கப் படிக்க வந்த செம்பட்டை முடிச் சின்னத் துரை அவன். ஒன்பது மணிக்கே கிளம்பிக் கிள்ளான் ஆற்று முகத்துவாரம் வரை போய்விட்டுத் திரும்புகிறான். கரும்பலகையில் எழுதியிருந்தால் பன்னிரண்டுக்கு முன் வரக் கூடாது என்று படித்துவிட்டுப் போயிருப்பான். பலகையில் ஒன்றும் இல்லை.

முதல் சுற்றில் நான் அதை வெறும் அழகாகத்தான் பார்த்தேன். இறக்கைத் துணி வழியாக வெயில் தெரிந்தது. உள்ளே இருக்கிற குச்சிகள்கூடத் தெரிந்தன.

இரண்டாவது சுற்றில் அதன் நிழல் எங்கள்மேல் ஓடிப் போனது. நான் குனிந்து நிழலைப் பார்த்தேன். நிழல் வெள்ளைத் துணிமேல் ஏறி இறங்கியது. அப்போதுதான் துணியைப் பார்த்தேன்.

ஓர் ஆள் கையை விரித்து மல்லாந்து படுத்திருந்தான். தலை தெற்கே.

ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. இரண்டு வருஷம் அந்தத் துணியை விரித்த என் புருஷனுக்கே தோன்றவில்லை. அது வேலைத் துணி, இது சாவுத் துணி. இரண்டையும் ஒன்றாக நினைக்கிற மூளை எங்களில் யாருக்கும் இல்லை. தெற்குப் பக்கம் திடல் சரிவு. அன்று காற்று மெலிசு, வடக்கிலிருந்து வந்தது. அந்தத் திசையில் இறங்கினால் நிற்காது. முடிவில் குட்டை.

நான் குறுக்குத் துணியின் முனையைப் பிடித்துவிட்டேன். ராக்கம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏய், தொடாத. இன்னும் மண்ணு விழல. இப்ப எடுத்தா அவ வீட்டுக்குத் திரும்பி வந்துருவா.”

“அக்கா, பிளேன் எறங்கும்க்கா.”

“எறங்கட்டுமே. அவனுக்குக் கண்ணு இல்லையா?”

ராக்கம்மாவைவிட எனக்குப் பலம் அதிகம். அவளைத் தள்ளிவிட்டு இழுத்திருக்கலாம். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் பிள்ளையோடு சாவுத் துணியைத் தொட்டுவிட்டேனே என்ற பயம் அந்த நிமிஷத்தில்தான் வந்தது. விட்டுவிட்டேன். துணி பனி ஈரத்தோடு என் விரலிலிருந்து நழுவியது.

முந்தானையை எடுத்து வீசினேன். எல்லாப் பெண்களும் வீசினோம். அவன் கையுறை போட்ட கையை வெளியே நீட்டி எங்களுக்குக் கை காட்டினான். சிரித்தான் என்றுகூட நினைக்கிறேன்.

பிறகு துணியின் கால்மாட்டிலிருந்து தலைமாட்டை நோக்கி, படித்த பாடத்தைச் சரியாகச் செய்து, இறங்கினான்.

அது நிற்கவில்லை. புல்லில் வழுக்கிக்கொண்டே, இடுகாட்டில் நின்றவர்களைத் தாண்டி, சத்தமே இல்லாத மாதிரிக் குட்டைக்குள் போனது. பச்சைத் தண்ணீர் இரண்டாகத் திறந்து மூடியது. வால் மட்டும் மேலே நின்றது.

என் புருஷன் அப்போது தோளில் நீர்க்குடத்தோடு தாயின் குழியைச் சுற்றிக்கொண்டிருந்தார். குடத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதித்தார். மூன்று முறை முங்கினார். இருக்கை வாரை அறுத்து அவனை வெளியே இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டார். கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

திரும்பி வந்தபோது, தானாக விழுந்து உடைந்த குடத்தை முறையாக உடைத்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்களாம். என் புருஷன் சொட்டச் சொட்ட நின்று, “உடைஞ்சது உடைஞ்சதுதான், மண்ணப் போடுங்க,” என்றாராம்.

மொழிபெயர்ப்பு

சிங்கப்பூரிலிருந்து இரண்டு துரைகள் விசாரணைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தவர் கிராணி நடேசன்.

நொண்டித் துரையும் அந்த அறையில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. பாடைக்கு வழி விட அவருக்கு அதிகாரம் இல்லையாம், அதனால் காகிதம் கொடுத்ததைச் சொல்லவில்லை. அவரும் கோழைதான். ஆனால் அவர் செத்துவிட்டார், மலரில் ஒன்றும் எழுதவில்லை.

விசாரணைக்கு முதல்நாளே என் புருஷன் என்னிடம் சொல்லிவிட்டார்.

“காயிதத்தப் பத்திப் பேசாத. காயிதத்தப் பேசினா துணியக் கேப்பான். துணிய யாரு குடுத்தான்னு கேப்பான்.”

“நான்தான் குடுத்தேன்னு சொல்றேன். எனக்கென்ன?”

“வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போறியா? சும்மா இரு.”

நான் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “துணியப் போட்டது நான்தான் தொரை. வேற யாருக்கும் தெரியாது.” நடேசன் அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் சொன்னது நீளமாக இருந்தது.

வேலை நீக்கக் காகிதம் வந்தது. நடேசன் டைப் அடித்த காகிதம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாத்தியார் படித்துச் சொன்னார். குடிபோதை என்று போட்டிருந்தது. என் புருஷன் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. சிங்கப்பூர்த் துரைகள் அவரை அன்றுதான் பார்க்கிறார்கள். அப்படியானால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

லயத்தைக் காலி பண்ணினோம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலுக்குச் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனார். குடிகாரப் பெருமாள் என்ற பெயர் எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். காய்ச்சலில் சாகிற வரைக்கும் அப்படித்தான்.

இப்போது கேட்கிறேன்

நான் இத்தனை வருஷம் பேசாததற்குக் காரணம் பயம். துணியைக் கொடுத்தது நான். பார்த்தும் இழுக்காமல் விட்டது நான். அந்தச் சின்னத் துரையின் கால் என்னால்தான் முறிந்தது. இதை என் மகன் இன்றைக்குத்தான் படிக்கிறான். படிக்கட்டும். அவனைக் காரணம் காட்டித்தான் நான் ஒளிந்திருந்தேன். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இனி அந்தச் சாக்கு எனக்கு இல்லை.

நடேசன் ஐயா, நீங்கள் இந்த வார இதழை வாங்குவது எனக்குத் தெரியும். கடைக்காரர் சொன்னார். நான் செய்ததை நான் எழுதிவிட்டேன். யாராவது வழக்குப் போடுவதாக இருந்தால் என் மேல் போடட்டும். நீங்கள் செய்ததை நீங்கள் எழுதுங்கள்.

வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். கோயிலில் தனியாகப் பார்த்துப் பேச வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள். அன்று காலை நான் கொடுத்த காகிதத்தைக் கரும்பலகையில் எழுதினீர்களா? என் புருஷன் சொல்லாத வார்த்தையைத் துரைகளிடம் சொன்னது யார்? பெருமாள் அன்று குடித்திருந்தாரா, இல்லையா?